காட்டிக்கொடுத்தவன் வீட்டு வாசல்

அந்த வாசலுக்கு வந்ததும் பம்பைச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

அனகாபுத்தூரில் அடையாற்றை ஒட்டிய ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஓர் ஊர்வலமே அடைத்துக்கொண்டு நின்றது. ஆடி மாதத்து ஞாயிறு, பொழுது இறங்கும் நேரம். கூழ் வாசனையும் கருவாட்டுக் குழம்பு வாசனையும் சாக்கடை நாற்றமும் ஒன்றாகவே வந்தன. முன்னால் தீப்பந்தம் பிடித்து நின்றவர் அன்பழகன், ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர்.

அவர் ஒரு மூடிய கதவைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"சின்னான் உள்ள கீறானா?"

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "கேக்கறது எந்த வூடு?"

"பந்தம் வூடு."

"இல்ல. ஆத்தோட போய்ட்டான்."

அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. பம்பை மறுபடி முழங்கியது. எல்லாரும் நடந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது முறை. எனக்கு அது தெரியாததால் நான் மட்டும் பார்த்தேன்.

கதவு கொஞ்சம் திறந்தது. அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள், மடிப்புக் கலையாத புதுச் சேலையில் நின்றார். வாசலில் பெரிய கோலம் போட்டிருந்திருக்கிறார். ஊர்வலத்தின் கால்கள் அதை அழித்துவிட்டன. அழிந்த கோலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஊர் வந்து அவமானப்படுத்திவிட்டுப் போகிற வாசலில் கோலம் எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இந்தத் தொடரில் தாம்பரம் ஸ்டேஷனைப் பற்றியும் மாடம்பாக்கம் ஏரியைப் பற்றியும் எழுதியபோது, "சார், மனிதர்களைப் பற்றி எப்போது எழுதுவதாக உத்தேசம்?" என்று ஒரு வாசகர் குத்தலாகக் கேட்டிருந்தார். இந்த வாரம் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், கதாநாயகனின் பெயரையும் சேர்த்து. ஆறு மட்டும் அதே ஆறுதான்.

பக்கத்தில் இருக்கிற தூரம்

நான் அந்த ஊர்வலத்தில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி ஸ்டெல்லா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் நாவலூரில் இருக்கிறாள். அமெரிக்காவில் இருந்திருந்தால் தினமும் வீடியோவிலாவது வந்திருப்பாள். பக்கத்திலேயே இருப்பதால், "இந்த வாரம் வர்றேம்ப்பா" என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் போய்விடுகின்றன. அவளைக் குறை சொல்லவில்லை. அந்தச் சாலையின் சிக்னல்களைத் தாண்டி வருவதற்குள் யாருக்கும் பாசம் பாதி வடிந்துவிடும்.

மற்ற நாட்களைச் சமாளித்துவிடலாம், ஞாயிறுதான் கஷ்டம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் கை குலுக்குவார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள், பதில் முடிவதற்குள் காரைக் கிளப்பிவிடுவார்கள். நான் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைக்க நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். வீட்டுக்குப் போனால் பக்கத்து ஃபிளாட் குக்கர் விசில் அடிப்பது சுவர் வழியாகக் கேட்கும். என் வீட்டில் விசில் அடிக்கிற அளவுக்குச் சமைக்க ஆள் இல்லை.

அன்பழகன் தண்ணீர் கேன் கம்பெனி வைத்திருக்கிறார். எங்கள் குடியிருப்புக்கு அவர் வண்டிதான் வருகிறது. ஒருநாள் ஆள் வராததால் அவரே கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர், கதவைத் திறந்த என்னைப் பார்த்ததும் கேனோடு கும்பிட முயன்றார்.

உட்கார்ந்து பேசியதில் வந்த விஷயம்தான் நல்லான்.

"சார், எங்க தெருவுல பரிசல் நல்லானுக்கு வருஷா வருஷம் கூழ் ஊத்தறோம். வெள்ளக்காரன் காலத்து ஆளு. ஆத்துலயே கொள்ளையடிச்சி ஏழை பாழைக்குக் குடுத்தவரு. ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிகினு கீறாங்க. எது நெசம், எது கப்ஸான்னு நீங்க பிரிச்சிக் குடுங்க. அடுத்த வருஷம் மைக்குல நீங்களே சொல்லிடுங்க."

எனக்கு வேண்டியது அதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலை கிடைத்தது.

நல்லானைச் சலித்தபோது

முதலில் கதையைக் கேளுங்கள். நல்லான் மூச்சை அடக்கிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினால் அனகாபுத்தூரில் முங்கி சைதாப்பேட்டையில் எழுந்திருப்பானாம். அவன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டால் முதலையாகிவிடுமாம். மிராசுதார் வீட்டுக் கல்யாண நகைகள் படகில் போனபோது அத்தனையையும் பறித்து, மணப்பெண்ணின் தாலியை மட்டும் திருப்பிக் கொடுத்தானாம். துப்பாக்கிக் குண்டு அவன் மேல் பட்டால் மழைத்துளி மாதிரி வழிந்துவிடுமாம். கலெக்டர் துரையின் மனைவி அவனைப் பார்த்து மயங்கி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அதை ஆண்கள் மட்டும் சொல்கிறார்கள்.

இவனைக் காட்டிக்கொடுத்தவன்தான் சின்னான். நல்லானோடு ஒரே பரிசலில் துடுப்புப் போட்டவன். காயம்பட்ட நல்லான் அவன் வீட்டில் ஒளிந்திருந்தபோது கூரையில் விளக்கை ஏற்றி வைத்துப் போலீசுக்கு அடையாளம் காட்டினானாம். நல்லானை ஆற்றங்கரையில் சுட்டார்கள். அவன் விழுந்த இடத்தில் ஒரு கல் இருக்கிறது. அதற்குத்தான் கூழ்.

அடையாற்றை அறிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். இந்த ஆற்றில் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அப்போதெல்லாம் மணல்தான் இருந்திருக்கும். முங்குவதற்கு முதலில் தண்ணீர் வேண்டும். பரிசலில் வந்து கொள்ளையடிக்கிறவன் கோடை முழுவதும் என்ன செய்தான்? நகைப் படகு ஏன் இந்தப் பக்கம் வந்தது? மாட்டு வண்டிக்கு நல்ல பாதை இருந்ததே.

வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்தவற்றில் தேடினேன். நல்லான் என்ற பெயர் எங்கும் இல்லை. அதனால் ஆளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நன்றாகத் திருடியவன் பெயர் எப்படிப் பதிவாகும்?

ஒன்று மட்டும் கையில் நின்றது. அந்தக் காலத்தில் உப்பு அரசாங்கத்தின் சொத்து. கடலோரக் கழிமுகத்தில் அள்ளிய உப்பை வரி கட்டாமல் உள்ளே கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். மழைக்காலத்தில் ஆறு நிறைந்து ஓடும்போது பரிசலில் உப்பு ஏற்றிப் போவது நடக்கக்கூடிய காரியம். நல்லான் கல்லின் முன்னால் வீட்டுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு கொட்டுகிறார்கள். பாதிக் கோயில்களில் உப்புக் கொட்டுகிறார்கள் என்பதால் இதைச் சாட்சியாகச் சேர்க்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சேர்த்தேன்.

முதலையும் மோதிரமும் போய், உப்புத் திருடிய ஓர் ஏழை ஆள் மிஞ்சினான். எனக்கு அவனைத்தான் பிடித்திருந்தது.

சின்னான் வீடு

அந்தத் தெருவில் திருவிழாவில் வேலை இல்லாத வீடே கிடையாது. பந்தம் பிடிக்கிற வீடு, பம்பை அடிக்கிற வீடு, கூழ் காய்ச்சுகிற வீடு, உப்பு வாங்கி வருகிற வீடு. ஆட்களைப் பெயரைச் சொல்லி அழைப்பதைவிட வேலையைச் சொல்லி அடையாளம் காட்டுவதே அதிகம். சந்தின் கடைசியில் இருப்பது சின்னான் வீடு.

"அந்த அம்மாவைப் பார்க்கணுமே" என்றேன் அன்பழகனிடம்.

அவர் சந்து முனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். "நீங்க போங்க சார். நான் இங்கயே நிக்கிறேன். நாங்க கேக்கற வூடு. கேட்ட வூட்டுக்காரன் அந்தப் படி ஏறக் கூடாது, பேசிக்கவும் கூடாது. எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சே கெடையாது."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல சார். நல்ல மனுஷி. மொறை அப்டி."

அந்த அம்மாள் பெயர் பவுனம்மா. ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளின் பிசிறு வெட்டுகிற வேலை. புருஷன் இல்லை, பிள்ளைகள் பிறக்கவே இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது.

"ஒக்காரு சார். யாருமே வரமாட்டாங்க. வந்தவன டீ குடிக்காம உட்டுடுவனா?"

சென்னைக்காரர்களின் 'நீ'யில் மரியாதைக் குறைவு இல்லை என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த 'நீ' இதமாக இருந்தது. ஸ்டெல்லாவுக்குப் பிறகு என்னை அப்படி அழைப்பார் இல்லை.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும். ஆராதனை முடிந்து கார்கள் கிளம்புவதற்கு முன்பே நான் கிளம்பத் தொடங்கினேன். தாம்பரம் வந்து, பல்லாவரத்தில் இறங்கி, பம்மல் வழியாக ஷேர் ஆட்டோ. கேள்விகள் தீர்ந்த பிறகும் போனேன். இருவரும் பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருப்போம். அவர் அரிசியில் கல் பொறுக்குவார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லானை ஆராய்கிறேன் என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரிய வெள்ளத்தின்போது நடந்ததை ஒருநாள் சொன்னார். கழுத்தளவுத் தண்ணீரில் தெருப் பையன்கள் படகு கொண்டுவந்து, சின்னான் வூட்டுப் பக்கம் வரும்போது, "பாரு, நல்லானே வந்து உன்ன ஏத்திக்கிறான், ஏறு" என்று கிண்டல் செய்தார்களாம். "நான் சிரிச்சிட்டேன் சார். அந்த வெள்ளத்துல சிரிச்சவ நான் ஒருத்திதான்" என்றார்.

முதல் மொட்டை

ஒரு குடும்பம் ஓர் ஊரில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சிலர் பத்திரங்களைப் புரட்டுவார்கள். நான் ஒரே கேள்விதான் கேட்பேன். குழந்தைக்கு முதல் மொட்டை எங்கே போடுவீர்கள்?

மனிதர்கள் நிலத்தை விற்பார்கள், ஊரை மாற்றுவார்கள், தாத்தாவின் தொழிலை மறைப்பார்கள். முதல் மொட்டையை மட்டும் குலதெய்வத்துக்குத்தான் கொடுப்பார்கள், எவ்வளவு தொலைவாக இருந்தாலும். அந்தத் தெய்வம் இருக்கிற ஊர்தான் அவர்களுடைய பழைய ஊர். நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவற்றில் பரீட்சைக்கு உதவாத ஒரே பாடம் இதுதான்.

அந்தத் தெருவில் எல்லா வீடுகளுக்கும் ஒரே பதில். குன்றத்தூர் போகிற வழியில் ஓர் அம்மன். பவுனம்மாவின் பதில் வேறாக இருந்தது.

"எங்களுக்கு குடியாத்தம் தாண்டிப் போவணும் சார். மலையடிவாரத்துல ஒரு முனீஸ்வரன். எனக்கே அங்கதான் போட்டாங்க. ரயிலு, அப்பால பஸ்ஸு, அப்பால நடை." பிறகு அவர் கேட்டார், "உங்க வூட்ல எங்க சார்?"

"நாங்க வேதக்காரங்கம்மா. எங்களுக்குக் கிடையாது."

"அதுக்கு முன்னாடி?"

"தெரியாது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே மாறிட்டாங்க. அதுக்கு முன்னால எந்த ஊருன்னு யாரும் சொல்லலை."

"அதுகூடவா தெரியாது?" என்று கேட்டுவிட்டு, அவர் எனக்கு இன்னொரு டீ போட எழுந்துபோனார். அடுப்பருகே நின்று, "பாவம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

வீடு திரும்பும்போது மனதுக்குள் கணக்குப் போட்டேன். குடியாத்தம் பக்கத்திலிருந்து இங்கே குடும்பங்கள் வந்தது தோல் பதனிடுகிற தொழிலுக்காக. அது நல்லான் காலத்துக்கு வெகு பின்னால். ஆக, நல்லானைச் சுட்டபோது பவுனம்மாவின் முன்னோர் இந்த ஆற்றையே பார்த்ததில்லை. சின்னானுக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாரோ செய்ததாகச் சொல்லப்படும் துரோகத்துக்கு, சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாசலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வரலாற்றுக்காரன் வாழ்க்கையில் இப்படி ஒரு சந்தோஷம் எப்போதாவதுதான் வாய்க்கும். அன்பழகனுக்கு உடனே போன் செய்தேன்.

அவருக்கும் நிம்மதி. "ரொம்ப நல்லதாப் போச்சு சார். போன வருஷம் எவனோ அத ரீல்ஸ் போட்டுட்டான். ஒரு வயசான பொம்பளய ஊரே சேந்து அசிங்கப்படுத்துதுன்னு காறித் துப்பிட்டாங்க. என் சம்சாரமும் சொல்லிகினே கீறா. நீங்க மைக்குல சொல்லிடுங்க. இந்த வருஷத்தோட அத நிறுத்திடலாம்."

சுவர் பேசிய கதை

விடுதலைச் செய்தியை நானே நேரில் சொல்ல வேண்டும் என்று போனேன். பல்லாவரத்தில் இறங்கி மைசூர்பாகு வாங்கிக்கொண்டேன்.

சொல்லி முடித்ததும் பவுனம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"நாங்க சின்னான் ஆளுங்க இல்லன்னு. எங்கப்பா சொல்லிக்கீறாரு."

அவர் சொன்னது இது. சின்னான் வீடு என்று இந்த இடத்தில் ஒரு குட்டிச்சுவர் மட்டும்தான் இருந்ததாம். வருடா வருடம் ஊர்வலம் வந்து அந்தச் சுவரிடம்தான் கேட்கும். சுவர் என்ன பதில் சொல்லும்? கேட்டுவிட்டு முதுகைக் காட்டிப் போய்விடுவார்கள். தோல் வேலைக்கு வந்த பவுனம்மாவின் தாத்தாவுக்குத் தெருவுக்குள் யாரும் இடம் தரவில்லை. உடம்பில் தோல் நாற்றம். கிணற்றுப் பக்கம் விடமாட்டார்கள். ஆகவே யாரும் அண்டாத அந்தச் சுவரில் சாய்த்து ஓலையைப் போட்டுக்கொண்டார்.

ஆடி வந்தது. பம்பை வந்தது. வெளியே யாரோ, சின்னான் உள்ளே இருக்கிறானா என்று கேட்டார்கள். தாத்தாவுக்குக் கதை எதுவும் தெரியாது. உள்ளே இருந்தபடி, "இல்லீங்க, இங்க அப்படி யாரும் இல்லீங்க" என்று பணிவாகப் பதில் சொல்லிவிட்டார்.

"அவ்ளோதான் சார். ஊரே ஆடிப்போச்சாம். அத்தினி வருஷமா பேசாத செவுரு பேசிடிச்சே. அடுத்த வருஷம் வந்தாங்க, கேட்டாங்க, நவுறவே இல்ல. பதில் வந்தாத்தான் போவோம்னு நின்னுகினாங்க. எங்க தாத்தா சொன்னாரு. அந்த வருஷந்தான் எங்கள கெணத்துல தண்ணி சேந்த உட்டாங்க. திருவிழாவுல வேல இருக்கற வூட்டுக்குத் தண்ணி இல்லன்னு சொல்லக் கூடாதாம்."

மைசூர்பாகுப் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"நீ இத மைக்குல சொல்லப்போறியா?"

"சொல்லணும்னுதான் வந்தேன். இனிமே உங்களை யாரும் வந்து கேட்கமாட்டாங்க."

"சொல்லாத சார்."

"ஏம்மா? செய்யாத தப்புக்கு எத்தனை நாள்..."

"தப்பு இன்னா தப்பு." அவர் குரல் உயரவில்லை. "வருஷம் பூரா என் வாசல்ல ஒரு ஆளு நிக்கமாட்டான். கம்பெனிக்குப் போறேன், வர்றேன், கதவ சாத்திக்கிறேன். அன்னிக்கு ஒருநாள் ஊரே வந்து நிக்குது. நான் வாயத் தொறந்து சொன்னாத்தான் பம்பக்காரன் அடிப்பான். நான் சொன்னாத்தான் நல்லானுக்குக் கூழு. அதுக்கு ஒருவாரம் முன்னாடியே வாசல கழுவிடுவேன். நீ போய் இவ சின்னான் வூடு இல்லன்னுட்டா, அப்ப நான் எந்த வூடு சார்?"

மாடம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் என் வீடு எந்த வீடு என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

மைக்கில் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது, "பத்திரிகையில் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"அதுல எழுதிக்கோ. இங்க யாரு படிக்கிறா? தெருவுல சொல்லாத, போதும்."

என் தொடரின் செல்வாக்கைப் பற்றி ஆசிரியர் குழு இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

மைக்

ஆடி ஞாயிறு வந்தது. ஆற்றங்கரையில் சின்ன மேடை, என் படம் போட்ட ஃபிளெக்ஸ். 'பரிசல் நல்லான்: உண்மை வரலாறு' என்று அச்சடித்திருந்தார்கள். படத்தில் என்னைக் கொஞ்சம் வெளுப்பாக்கியிருந்தார்கள்.

ஆற்றில் எப்போது தண்ணீர் ஓடியது, எப்போது ஓடவில்லை என்று சொன்னேன். முதலையை விட்டுவிடுங்கள் என்றபோது சிரித்தார்கள். கலெக்டர் மனைவியின் மோதிரத்தையும் விட்டுவிடுங்கள் என்றபோது ஆண்களுக்கு முகம் சுருங்கியது. உப்பைப் பற்றிச் சொன்னபோது கூட்டம் அமைதியானது. நல்லான் உப்புச் சுமந்தவனாக இருந்திருக்கலாம் என்பதில் அவர்களுக்கு ஏமாற்றமில்லை. அவர்களும் சுமந்தவர்கள்தான்.

"சின்னானைப் பத்திச் சொல்லுங்க சார்" என்று அன்பழகன் கீழேயிருந்து நினைவூட்டினார்.

ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லாதே என்று வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். ஆதாரம் கையில் இருந்தும் இல்லை என்று சொல்ல வேண்டிய நிலை அதுவரை வந்ததில்லை.

"சின்னானைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை" என்றேன். "ஊர் சொல்வதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை."

இறங்கியதும் அன்பழகன் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "இன்னா சார், அன்னிக்குப் போன்ல வேற மாதிரி சொன்னீங்களே."

"அவசரப்பட்டுட்டேன். போதாது."

"பரவால்ல சார். நீங்க சொல்லாட்டியும் கமிட்டில முடிவு பண்ணிட்டோம். இனிமே அந்த வாசல்ல நிக்கப்போறதில்ல. அப்டியே தாண்டிப் போய்டுவோம். அந்தம்மா பாவம் சார்."

அவர் நல்லவர். நல்லவர்கள் செய்கிற காரியத்தைத் தடுக்க எனக்கு எந்தக் காரணமும் தோன்றவில்லை. உண்மையான காரணத்தைச் சொன்னால் பவுனம்மாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும்.

ஊர்வலம் சந்துக்குள் நுழைந்தது. நான் அன்பழகனுக்குப் பக்கத்தில் நடந்தேன். சந்தின் கடைசியில், கழுவிய வாசலில், போன வருடத்தைவிடப் பெரிய கோலம் தெரிந்தது. கதவு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் புதுச் சேலை கட்டிக்கொண்டு அவர் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பம்பை நிற்கவில்லை. பந்தம் அந்த வாசலைத் தாண்டிவிட்டது. பையன்கள் கோலத்தை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து ஒதுங்கி நடந்தார்கள். அவர்கள் ஒதுங்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வாசலில் போய் நின்றுவிட்டேன், கோலத்தின் மேலேயே. சந்து குறுகல் என்பதால் பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். பம்பைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"சின்னான் உள்ளே இருக்கானா?" என்று கேட்டேன். வகுப்பறையில் வருகைப் பதிவு எடுக்கிற குரல்தான் வந்தது.

உள்ளே தாழ்ப்பாள் லேசாக அசைந்து நின்றது. குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கேட்ட வீட்டுக்காரன் அந்தப் படி ஏறக் கூடாது. பேசக் கூடாது. அது எனக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் பதில் சொன்னால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துபோகும்.

"கேக்கறது எந்த வூடு?"

எனக்கு அந்தத் தெருவில் வீடு இல்லை. யாரோ என் கையில் எதையோ திணித்தார்கள். திரும்பினால் அன்பழகன். என் கையில் இருந்தது தீப்பந்தம்.

"பந்தம் வூடுன்னு சொல்லுங்க சார்" என்றார் மெல்ல. அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"பந்தம் வூடு" என்றேன்.

"இல்ல." அந்தக் குரல் சந்து முழுவதும் கேட்கிற மாதிரி எழுந்தது. "ஆத்தோட போய்ட்டான்."

ஊர் முதுகைக் காட்டித் திரும்பியது. நானும் திரும்பினேன். இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லருகே எனக்கும் கூழ் ஊற்றினார்கள். "பந்தம் வூட்டுக்கு இன்னொரு சொம்பு" என்று யாரோ சொன்னார்கள். குடித்தேன். சின்னான் வீட்டுக்குக் கூழ் கிடையாது என்பது முறை.

அதன் பிறகு ஞாயிறுகள் பழையபடி ஆகிவிட்டன. பாட்டுப் புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் வைக்கிறேன். நாலு மணிக்கு நானே டீ போட்டுக் குடிக்கிறேன். அது அவ்வளவு நன்றாக இருப்பதில்லை. அடுத்த ஆடிக்கு வாசலில் நிற்பதாகக் கமிட்டி முடிவெடுத்திருக்கிறது. கேட்கப்போவது யார் என்று அன்பழகன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு வேலையாகப் பம்மலுக்குப் போயிருந்தேன். மார்க்கெட் ஓரம் ஷேர் ஆட்டோவுக்காக நின்றபோது எதிரே பவுனம்மா வந்தார். கையில் கீரைக்கட்டு. என்னைப் பார்த்ததும் நடை தயங்கியது. இளைத்துவிட்டீர்களே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, முறை தவறாமல், முகத்தை மறுபக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டார். அப்படியே என்னைத் தாண்டிப் போனார், கொஞ்சமும் அவசரமில்லாமல்.

ஸ்டெல்லா போன பிறகு தெருவில் என்னைக் கடந்துபோனவர்கள் எத்தனையோ பேர். எனக்காக ஒருவரும் முகத்தைத் திருப்பியதில்லை. நான் அங்கே நிற்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆட்டோ வந்து நின்று, "ஏறு சார்" என்று கூப்பிட்டது. நான் ஏறவில்லை. அவர் தெருமுனையைத் தாண்டுகிறவரை, நானும் முறைப்படி அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தேன்.